30 மெயில் அனுப்பியும் ஏன் யாரும் கூப்பிடவில்லை?

கேள்வி: 14 வருடமாக ஆடியாலஜிஸ்டாக (செவித்திறன் நிபுணர்) இருக்கிறேன். காது கேட்பதைப் பற்றி மக்களிடம் பேச வேண்டும் என்று ஆசை. ஆறு மாதத்தில் பாட்காஸ்ட், யூடியூப் நிகழ்ச்சி, டிவி என்று 30 மெயில் அனுப்பியிருப்பேன். இரண்டு பதில்தான் வந்தது. ஒருவர், பணம் கட்டினால் வரலாம் என்றார். இன்னொன்று ஒரு டிவி. மாலை ஏழு மணிக்கு லைவ் என்றார்கள். சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறே முக்காலுக்கு "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று போனை வைத்துவிட்டார்கள். என்னைவிட அனுபவம் குறைந்தவர்கள் தினமும் திரையில் தெரிகிறார்கள். இவர்களை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஏஜென்சி வைத்துக்கொள்ள வேண்டுமா? நான் அனுப்பும் மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மெயிலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ஆறே முக்கால் மணி போன்.

அப்படி போன் செய்யும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். செய்தி சேனலில் கெஸ்ட் கோஆர்டினேட்டர், அதாவது நிகழ்ச்சிக்கு விருந்தினரைப் பிடித்துக் கொடுப்பவர். இப்போது பாட்காஸ்ட் தயாரிக்கிறேன். அதனால் அன்றைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஒவ்வொரு லைவ் நிகழ்ச்சிக்கும் ரன் டவுன் என்று ஒன்று இருக்கும். எந்தச் செய்தி எத்தனை நிமிடம், யார் எப்போது பேசுவார், இடைவேளை எங்கே வரும் என்று நொடிக்கணக்கில் போட்டிருப்பார்கள். அதில் உங்களுக்கு நாலு நிமிடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆறரை மணிக்கு எங்கேயோ பாலம் இடிந்திருக்கும், அல்லது ஒரு அமைச்சர் பதவியை விட்டிருப்பார். உடனே நாளைக்கும் கெடாமல் இருக்கிற விஷயத்தைத்தான் முதலில் தூக்குவார்கள். காதைப் பற்றி அடுத்த வாரம்கூடப் பேசலாம் அல்லவா? அதனால் நீங்கள் அவுட். அந்தக் கால் மணி நேரத்தில் கோஆர்டினேட்டர் நாலு பேரை வேண்டாம் என்று சொல்லி, வேறு நாலு பேரைப் பிடிக்க வேண்டும். மூன்றே சொல்லில் போனை வைத்தது மரியாதைக் குறைவுதான். ஆனால் உங்கள் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல கோஆர்டினேட்டர் என்றால் மறுநாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். நான் எல்லா நாளும் நல்ல கோஆர்டினேட்டராக இருந்ததில்லை.

"எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். தேர்ந்தெடுப்பது என்பதே இதற்குக் கொஞ்சம் பெரிய வார்த்தை. 50 நிபுணர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் சீர்தூக்கிப் பார்ப்பதில்லை. காலைக் கூட்டத்தில் தயாரிப்பாளர் "இன்னைக்கு இதெல்லாம் ஓடும்" என்று நாலைந்து தலைப்பு சொல்வார். தலைப்பு முதலில், ஆள் அப்புறம். கூட்டம் முடிந்ததும் கோஆர்டினேட்டர் போனை எடுத்து, அந்தத் தலைப்புக்குப் போன முறை யார் வந்தார் என்று தேடுவார். என் போனில் பாதிப் பேரின் பெயர் பெயராகவே இருக்காது. "தண்ணீர், நல்லா பேசுவார்", "பட்ஜெட், எடுக்க மாட்டார்", "இதயம், காலையில் மட்டும்" என்றுதான் பதிந்து வைத்திருப்பேன். முதல் ஆள் எடுக்கவில்லையா, இரண்டாவது ஆள். அவர் பயணத்தில் இருக்கிறாரா, மூன்றாவது ஆள். ஐந்தாவது போனுக்குள் யாராவது சரி என்றுவிட்டால் அன்றைக்கு நிம்மதி.

உங்களைவிட அனுபவம் குறைந்தவர் திரையில் தெரிகிற ரகசியம் இவ்வளவுதான். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுக்கிறார். "ஒரு மணி நேரத்தில் லைவ், முடியுமா சார்" என்றால் முடியும் என்கிறார். போன தடவை உளறவில்லை. விஷய ஞானம் இதற்கெல்லாம் அப்புறம்தான் கணக்கில் வருகிறது. இது நல்ல முறை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் இப்படித்தான் நடக்கிறது.

அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தொழிலில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 2006 மே 8. ஆப்பிள் கம்ப்யூட்டருக்கும் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு வந்த நாள். அதைப் பற்றிப் பேச கய் கியூனி என்ற தொழில்நுட்பப் பத்திரிகையாளரை பிபிசி கூப்பிட்டிருந்தது. அழைத்துப் போக வந்தவர், வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த கய் கோமா என்பவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோமா வந்தது அதே பிபிசியில் கணினிப் பிரிவு வேலைக்கான இன்டர்வியூவுக்கு. மைக் மாட்டி, லைவில் உட்காரவைத்து, கியூனி என்று அறிமுகம் செய்தபோது அவர் முகம் போன போக்கை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். ஆனாலும் மனிதர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஏதோ பதில் சொல்லிச் சமாளித்துவிட்டார். நிஜக் கியூனி இன்னொரு வரவேற்பறையில் உட்கார்ந்து, தன் பெயரில் யாரோ பேசுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு இது சிரிப்பு. எனக்கு இப்போது பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும்.

புது ஆளாக இருந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு பேச்சு இருக்கும். "சும்மா ஒரு பத்து நிமிஷம் பேசலாமா சார், விஷயத்தைப் புரிஞ்சுக்கத்தான்" என்பார்கள். அது சும்மா இல்லை, அதுதான் தேர்வு. கேள்வி கேட்டதும் முதல் வாக்கியத்திலேயே பதில் வருகிறதா, அல்லது "இதற்கு முதலில் காதின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று ஆரம்பிக்கிறீர்களா? நடுவில் இடைமறித்தால் எரிச்சல் வருகிறதா, அதை வைத்தே மேலே போகிறீர்களா? "ஆமாம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிறீர்களா? கோஆர்டினேட்டர் இதைத்தான் கவனிப்பார். உங்களை முன்பின் பார்த்திராத நெறியாளர் லைவில்தான் முதல் தடவை சந்திப்பார். இடையில் உங்களுக்கு ஜாமீன் நிற்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

ஒருமுறை இந்தப் பத்து நிமிடத்தை நான் தவிர்த்தேன். ஆள் அவர் துறையில் பெரிய பெயர். அவரைப் போய்ச் சோதிப்பதா என்று கூச்சம். லைவில் நெறியாளர் முதல் கேள்வியை நீட்டி முழக்கிக் கேட்டார். "ஆமாம், அப்படித்தான்" என்றார் அவர். இரண்டாவது கேள்வி. "இல்லை, அதற்கு வாய்ப்பில்லை." ஐந்து நிமிடத்துக்குத் திட்டமிட்டது ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. நெறியாளர் மீதி நேரத்தைத் தானே பேசி ஓட்டினார். இடைவேளையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு யாராக இருந்தாலும் பத்து நிமிடம் பேசாமல் விட்டதில்லை.

விவாத நிகழ்ச்சி என்றால் இன்னொரு சங்கதி உண்டு. "இதை நீங்க ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா சார்?" என்று போனிலேயே கேட்பார்கள். எந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதோ, அதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள். வாய்ப்புக்காக இல்லாத கருத்தை இருப்பதாகச் சொல்லிவிடாதீர்கள். திரையில் அது உங்கள் பெயருக்குக் கீழேதான் ஓடும். கூட யார் யார் வருகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை.

சரி, உங்கள் மெயில். நாலு பத்தி. முதல் பத்தியில் 14 வருட அனுபவம். இரண்டாவதில் படித்த படிப்பு. மூன்றாவதில் பேசிய மாநாடுகள். நாலாவதில்தான் காது வருகிறது, அதுவும் "செவித்திறன் குறைபாடு பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்த விரும்புகிறேன்" என்று. ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிறவர் நாலாவது பத்திக்கு வரமாட்டார். வந்தாலும், விழிப்புணர்வு என்ற சொல்லை வைத்து அவர் ஒரு தலைப்புகூடப் போட முடியாது.

உங்களுக்குப் பாலபாடமாக இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதையே 90 டெசிபலாகக் கூட்டினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இதைப் படித்தபோது நானே என் ஹெட்போனைக் கழற்றி ஒருமுறை பார்த்தேன். மெயிலின் தலைப்பிலேயே இதைப் போடுங்கள்: "ஹெட்போனில் கொஞ்சம் சத்தம் கூட்டினால் 40 மணி நேரம் 4 மணி நேரமாகிவிடும்". திறந்தால் உள்ளே நேராக மூன்று கேள்வி இருக்கட்டும். கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் காதில் ஙொய் என்று கேட்கிறதே, அது என்ன? சத்தத்தைக் குறைக்கிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் காதுக்கு நல்லதா? குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று வீட்டில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பதிலை எழுத வேண்டாம், கேள்வி போதும். அதற்கடியில் உங்களைப் பற்றி இரண்டு வரி, போன் நம்பர், எந்த நேரத்தில் எடுப்பீர்கள் என்று ஒரு வரி. எட்டு வரிக்கு மேல் போனால் எங்கோ தப்பு.

அப்புறம் ஒரு வீடியோ லிங்க். போனிலேயே எடுத்தால் போதும், இரண்டு நிமிடம். மேலே சொன்ன மூன்றில் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வதாக இருக்கட்டும். பின்னணி இசை, சுழலும் எழுத்து எதுவும் வேண்டாம். உங்கள் மூன்று பத்தி தகுதிப் பட்டியலால் முடியாததை இந்த இரண்டு நிமிடம் செய்யும், ஏனென்றால் கோஆர்டினேட்டரின் ஒரே பயம் "இவர் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும்" என்பதுதான்.

எப்போது அனுப்புவது என்பதும் உண்டு. மார்ச் 3 உலக செவித்திறன் நாள். அந்த வாரம் ஏதாவது ஒரு தயாரிப்பாளர் "இதுக்கு யாராவது இருக்காங்களா" என்று கண்டிப்பாகக் கேட்பார். டிவிக்கு பிப்ரவரி கடைசியில் அனுப்பினால் போதும், அதற்கு முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். பாட்காஸ்டுக்கு டிசம்பரிலேயே அனுப்ப வேண்டும்.

ஏனென்றால் பாட்காஸ்ட் வேறு உலகம். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் கோஆர்டினேட்டர் என்று ஒருவரே கிடையாது. பேசுகிறவரேதான் ஆள் தேடுகிறார், எடிட் செய்கிறார், போஸ்டரும் போடுகிறார். ஒரே நாளில் மூன்று நாலு பதிவு முடித்துவிட்டு வாரம் ஒன்றாக வெளியிடுவார். இன்று பேசினால் இரண்டு மாதம் கழித்துக்கூட வரும். அவசரம் இல்லாததால் தேடிப் பார்க்க நேரம் இருக்கிறது. உங்கள் பெயரைத் தட்டி, வேறெங்காவது பேசியிருக்கிறீர்களா என்று கேட்டுப் பார்ப்பார்கள். அதனால் முதலில் சின்ன நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். 200 பேர் கேட்கிற நிகழ்ச்சியில் பேசிய ஒரு மணி நேரம்தான் 20,000 பேர் கேட்கிற நிகழ்ச்சிக்கு நீங்கள் காட்டும் சாம்பிள்.

எழுதுமுன் அந்த நிகழ்ச்சியில் மூன்று எபிசோடாவது கேளுங்கள். "உங்கள் நிகழ்ச்சியின் தீவிர ரசிகன்" என்று ஆரம்பித்து, வேறு யாருடைய நிகழ்ச்சியின் பெயரையோ எழுதிய மெயில் எனக்கு மாதம் இரண்டாவது வருகிறது. அதற்குப் பதில், "சத்தத்தைப் பற்றிய எபிசோடில் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டீர்கள், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது" என்று எழுதினால் நான் உடனே போனை எடுப்பேன். முகவரி எங்கே கிடைக்கும் என்று நினைக்கலாம். முன்பெல்லாம் பாட்காஸ்டின் ஆர்எஸ்எஸ் ஃபீடிலேயே (ஆப்களுக்கு எபிசோடு விவரத்தைக் கொடுக்கும் கோப்பு) உரிமையாளரின் மெயில் இருக்கும். குப்பை மெயில் தாங்காமல் பலர் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நிகழ்ச்சியின் இணையதளத்தில் விருந்தினருக்கென்று ஒரு படிவம் இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால், அங்கே ஏற்கெனவே பேசியவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் உண்டா பாருங்கள். ஒவ்வொரு பதிவு முடிந்து மைக்கை அணைத்ததும் நான் விருந்தினரிடம் கேட்கும் கேள்வி, "வேற யாரைக் கூப்பிடலாம், சொல்லுங்க" என்பதுதான். என் விருந்தினர்களில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவர்கள்.

யூடியூப் பேட்டிகளில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே பேட்டிக்கு முன்பே தம்ப்நெயில் தயாராகிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வோம், முழு வேடிக்கையும் இல்லை. ஒரு மணி நேரம் நிதானமாகப் பேசியிருப்பீர்கள். மேலே "இந்த ஹெட்போன் போட்டால் செவிடுதான்!" என்று தலைப்பு போகும். வெளியிடுமுன் உங்களிடம் காட்டுவது பெரும்பாலும் வழக்கமில்லை. பதிவுக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கும். தலைப்பையும் சின்ன கிளிப்புகளையும் ஒருமுறை காட்ட முடியுமா என்று பதிவுக்கு முன்னாலேயே கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். (உங்களிடம் போய் இந்தச் சொலவடை.)

நிருபர்களும் நிபுணர்களும் சந்திக்கிற சேவைகள் இருக்கின்றன. "இந்த விஷயத்துக்கு ஆள் வேண்டும்" என்று நிருபர் போடுவார், உங்களைப் போன்றவர்கள் பதில் அனுப்பலாம். அமெரிக்காவில் பீட்டர் ஷாங்க்மன் 2008-ல் ஆரம்பித்த ஹாரோ இதில் பேர்போனது. கைமாறி, பெயர் மாறி, 2024 இறுதியில் மூடப்பட்டு, 2025-ல் வேறு நிறுவனம் வாங்கி மறுபடி நடத்துகிறது. இப்போது இந்த இடங்களிலெல்லாம் ஏஐ எழுதிய பதில்கள் மலைபோல் வந்து விழுகின்றன. உங்களுக்கு அது ஒருவகையில் வசதிதான். நேரில் பார்த்த ஒரு சின்ன விவரத்தோடு, நோயாளியின் அடையாளம் தெரியாதபடி, நாலு வரி எழுதினால் அதுவே தனியாகத் தெரியும்.

இப்போது பணம். விளம்பரம், ஏஜென்சி, திருட்டு, இந்த மூன்றையும் பிரித்துப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு விருந்தினரை உட்காரவைக்கும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அது விளம்பரம். விளம்பரம் என்று சொல்லிச் செய்தால் தப்பில்லை. சொல்லாமல் செய்தால் கேட்பவரை ஏமாற்றுவது. பணமோ வேறு சம்பந்தமோ இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. மருத்துவத் துறையில் இருக்கிற நீங்கள் இதில் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏஜென்சி வேறு. அவர்கள் உங்களிடம் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிகளுக்கு எழுதுவார்கள். புத்தகம் வெளியிடுகிறவர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள், நேரம் இல்லாமல் அதற்குப் போகிறார்கள். "இத்தனை நிகழ்ச்சி நிச்சயம்" என்று யாராவது சொன்னால், எந்தெந்த நிகழ்ச்சி என்று கேளுங்கள். யாரும் கேட்காத நிகழ்ச்சிகளால் அந்த எண்ணிக்கையை நிரப்புவது சுலபம். உங்கள் மெயில் சரியாகும்வரை ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணம் வீண், அவர்களும் அதே மெயிலைத்தான் அனுப்புவார்கள்.

மூன்றாவது, திருட்டு. பிரபல பாட்காஸ்டின் பெயரில் அழைப்பு வரும். வந்து பேசினால் நல்ல சன்மானம் என்பார்கள். பதிவுக்கு முன் ஒரு டெக்னிக்கல் செக் என்று வீடியோ காலில் கூப்பிட்டு, ஃபேஸ்புக் லைவ் அமைக்க வேண்டும், திரையைப் பகிருங்கள், இந்த எண்ணைச் சொல்லுங்கள் என்பார்கள். கால் முடிவதற்குள் உங்கள் ஃபேஸ்புக் பக்கம் அவர்கள் கையில் போயிருக்கும். உங்களைப் போல வாய்ப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் இது விரிக்கிற வலை. எந்த நிஜ நிகழ்ச்சிக்கும் உங்கள் கடவுச்சொல்லோ, உங்கள் கணினியை இயக்கும் அனுமதியோ தேவைப்படாது. சந்தேகமாக இருந்தால் அந்த நிகழ்ச்சியின் சொந்த இணையதளத்தில் இருக்கிற முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

வாய்ப்பு வந்ததும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புளூடூத் இயர்போன் வேண்டாம். மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது பல கருவிகளில் ஒலித்தரம் சட்டென்று இறங்கிவிடும். வயர் வைத்ததைப் போடுங்கள். ரிவர்சைட் மாதிரியான பதிவுத் தளங்களில் உங்கள் குரல் உங்கள் கணினியிலேயே பதிவாகி அப்லோட் ஆகும். பேசி முடித்த சந்தோஷத்தில் ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போகாதீர்கள், முழுதும் ஏறட்டும். அப்படி மூடிவிட்டுப் போன ஒருவரின் கடைசி ஏழு நிமிடத்தை மறுபடி பேசவைத்தேன். முதல் தடவை இருந்த உயிர் அதில் வரவே இல்லை. வீட்டிலிருந்து லைவ் என்றால் கதவைத் தாழிடுங்கள். 2017-ல் பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசிக்குப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் குழந்தைகள் ஊர்வலம் வந்தது உலகத்துக்கே தெரியும்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். 30 மெயிலை விடுங்கள், அந்த ஆறே முக்கால் மணிக்காரரின் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. அவர் உங்களை ஒருமுறை ரன் டவுனில் போட்டவர், உங்கள் பெயர் அவர் போனிலும் ஏதோ ஒரு பட்டத்தோடு இருக்கும். காலைக் கூட்டம் முடிந்து கொஞ்சம் மூச்சுவிடும் நேரமாகப் பார்த்து ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அன்றைக்கு ரத்தானதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "வணக்கம் சார், ஆடியாலஜிஸ்ட் பேசுகிறேன். காது, ஹெட்போன், சத்தம், குழந்தைகளின் கேட்கும் திறன், இதில் எது வந்தாலும் கூப்பிடுங்கள். காலை 8 முதல் இரவு 9 வரை எடுப்பேன். அரை மணி நேரத்தில் லைவ் என்றாலும் சரி. இரண்டு நிமிட வீடியோ இணைத்திருக்கிறேன்." அப்புறம் போனைச் சைலன்ட்டில் போடாதீர்கள்.